அடியில் புஷ் இல்லாத பம்ப்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் நாகூர் மீரானின் பட்டறைக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். "பாய், எத்தனை எச்.பி. போடலாம்?" அதைக் கேட்டாலே மீரானுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆளைப் பார்க்காமல், நோயை விசாரிக்காமல், எத்தனை மாத்திரை என்று கேட்டால் எந்த டாக்டருக்குத்தான் கோபம் வராது? மீரானிடம் நாலு கேள்விகள் உண்டு. தண்ணி எங்கே கிடக்கிறது, எவ்வளவு உயரம் ஏறணும், எவ்வளவு தண்ணி போகணும், தண்ணிக்குள் என்னென்ன கிடக்கிறது. முதல் மூன்றுக்கும் எப்படியோ பதில் சொல்லிவிடுவார்கள். நாலாவதற்கு முழிப்பார்கள். தண்ணிக்குள்ளே தண்ணிதானே பாய் இருக்கும் என்று சிரித்தவர்களும் உண்டு. அவர்களோடு மல்லுக்கட்டாமல் மீரானே நேரில் போய், ஊறுகாய் பாட்டிலில் அந்தத் தண்ணியை மொண்டு வந்து ஒரு நாள் முழுக்க அலமாரியில் வைப்பார். அடியில் என்ன படிகிறது என்று பார்த்த பிறகுதான் பம்ப் பற்றிப் பேச்சே.

மேலப்பாளையத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர். ஏழு வருஷம் ஒரு கடையில் மோட்டார் காயில் சுற்றினார். எரிந்துபோன மோட்டார்கள் வரும், செம்புக் கம்பியைச் சுற்றி அனுப்புவார், மூன்றே மாதத்தில் அதே மோட்டார் திரும்ப வந்து நிற்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மோட்டாரோடு கூடவே போய்ப் பார்த்தார். மோட்டார் மேல் ஒரு தப்பும் இல்லை, அந்த இடத்துக்கு ஆகாத பம்ப்பைக் கீழே மாட்டியிருந்தார்கள். அன்றைக்குக் காயில் சுற்றுவதை விட்டவர்தான். இப்போது ஐம்பத்து நாலு வயது. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், தமிழ் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஓடுகிற பம்ப் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

நிமிர்ந்து நிற்கிற பம்ப்கள்தான் அவருக்குச் செல்லம். மும்பையில் படுத்திருக்கிற பம்ப்புக்கு இடம் ஏது? மனுஷனுக்கே நீட்டிப் படுக்க இடமில்லாத ஊர். ஆனால் வெர்டிகல் பம்ப் எல்லாம் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்க வேண்டியிருக்கும். மாட்டுங்காவில் ஒரு இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்கு அவர் போட்டது மல்டிஸ்டேஜ். சுழலும் சக்கரங்களை அடுக்கடுக்காகக் கோத்த பம்ப் அது. ஒவ்வொரு சக்கரமும் தண்ணியை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளும். உயரமான வீட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது, ஆனால் சுத்தமான தண்ணியாக இருக்கணும். ஒரு பிடி மணல் போனால் சக்கரங்கள் இறுகிப் போகும். ஓர் ஆஸ்பத்திரியின் ஏ.சி. மெஷின் ரூமில் கதவைத் திறந்தால் ஆள் நிற்கவே இடமில்லை, அங்கே இன்லைன் பம்ப். குழாயின் நடுவிலேயே வால்வு மாதிரி உட்கார்ந்துகொள்ளும், தரையில் இடம் கேட்காது. கோவண்டியில் ஒரு ஐஸ் ஃபாக்டரியின் ஆழக் கிணற்றுக்கு டர்பைன். மோட்டார் கரையில் இருக்கும், நீளமான தண்டு கிணற்றுக்குள் இறங்கும், தண்ணி ஏற்றுகிற கிண்ணங்கள் அடியில் முங்கிக் கிடக்கும். அவை எப்போதும் முங்கியே இருக்கணும், மட்டம் இறங்கினால் காற்றை உறிஞ்சி அழ ஆரம்பிக்கும். கடலோரம் வெள்ளத்தைத் தள்ளுகிற நிலையத்தில் ஒரு முறை ப்ரொப்பல்லர் பம்ப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் அந்தப் பேச்சாகவே இருந்தார். ஆளுயரத்துக்குமேல் தண்ணியை ஏற்றச் சொன்னால் அது திணறும், ஆனால் ஒரு ஆற்றையே அலாக்காகத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடும் என்பார். அவர் மனைவி நஜ்முன்னிசா, "பொண்ணு பாத்துட்டு வந்த மாப்பிள்ளையே இவ்வளவு பேச மாட்டாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பட்டறையில் அவருக்குக் கூட்டாளி செல்லப்பாண்டி. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். மீரான் இடம் பார்ப்பார், பம்ப்பைத் தேர்ந்தெடுப்பார். ஆர்டர் கொடுப்பது, லாரி பிடிப்பது, அடுக்குமாடிச் சொசைட்டிக்காரர்களிடம் ஹிந்தியிலும் மராத்தியிலும் பேசிச் சமாளிப்பதெல்லாம் பாண்டி. மாட்டுவது மட்டும் இரண்டு பேருக்கும் பொது, யாருக்குக் கை ஒழிந்திருக்கிறதோ அவர் போவார். இப்படி இருபத்திரண்டு வருஷம்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒருத்தர் மாட்டினதை இன்னொருத்தர் திறந்து பார்ப்பதில்லை. மாட்டினவரே கூப்பிட்டால் ஒழிய ஸ்பானரைத் தொடுவதில்லை. இது சும்மா வந்த பழக்கம் அல்ல. கூட்டுச் சேர்ந்த முதல் வருஷம், மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாண்டி மாட்டின பம்ப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழுகிறது என்று மண்டபக்காரர் சத்தம் போட்டார். மீரான் போய், மண்டபக்காரர் கண் முன்னாலேயே அதைத் திறந்து இறுக்கிவிட்டு வந்தார். இரண்டாம் நாள் தண்டு கருகிப் போயிற்று. அந்த மாதிரி பம்ப்பில் நாலு சொட்டு விழத்தான் வேண்டும், அந்தச் சொட்டுத்தான் தண்டைச் சூடேறாமல் காப்பாற்றுவது. பாண்டி செய்தது சரி, மீரான் செய்தது தப்பு. ஒரு வாரம் பாண்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் வந்து, "பாய், என் வேலையில நம்பிக்கை இல்லன்னா இன்னைக்கே பிரிஞ்சிருவோம். நம்பிக்கை இருந்தா இனிமே திறக்காதியும்" என்றார். மீரான் கூனிக்குறுகிப் போய்ச் சரி என்றார். அந்தச் சரியை அவர் ஒரு நாளும் மீறினதில்லை.

போன வருஷம் பிப்ரவரியில் செம்பூரிலிருந்து நாகலக்ஷ்மி வந்தார். அணுசக்தி நகர் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், இப்போது ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் சொசைட்டி செகரட்டரி. மாட்டுங்காவில் இருக்கிற அவருடைய தங்கை மீரானைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த அம்மாள் எச்.பி. கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மீரான் பாய், எங்க பேஸ்மெண்ட்ல மழைக்குத் தண்ணி ஏறிடறது. லிஃப்ட் குழி நிரம்பி லிஃப்ட் நின்னுடறது. நான் ஆறாவது மாடி. என் ஹஸ்பண்டுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். அவரால படி இறங்க முடியாது. எனக்கு வேண்டியது ஒண்ணுதான், லிஃப்ட் நிக்கக் கூடாது."

மீரான் அவரோடு போய்ப் பார்த்தார். பேஸ்மெண்ட் மூலையில் நாலரை அடி ஆழத்துக்கு ஒரு குழி. தண்ணி அங்கே வந்துதான் சேரும். அதில் இரண்டு வருஷத்தில் இரண்டு சப்மெர்சிபிள், மோட்டாரோடு தண்ணிக்குள் முங்குகிற பம்ப், போட்டு, இரண்டும் எரிந்திருந்தன. பின்னால் ஏதோ கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, மழையோடு அங்கிருந்து மணலும் வந்தது. தண்ணி புகாமல் அடைக்கிற சீல் வளையத்தை மணல் தின்ன, முங்கிக் கிடந்த மோட்டாருக்குள் தண்ணி இறங்கியிருக்கிறது. மீரான் பாட்டிலில் அள்ளி வந்த தண்ணியில் மறுநாள் கால்வாசி மணலாக நின்றது.

கான்டிலீவர் பம்ப்தான் என்று அவர் முடிவு செய்தார். நாகலக்ஷ்மிக்கும் அதைப் பொறுமையாக விளக்கினார். மோட்டார் மேலே, தரைக்கு மேல் இரண்டடி உயர மேடையில். தண்டு கீழே குழிக்குள். சாதாரணமாக இந்தத் தண்டு ஆடாமல் இருக்க அடியில் ஒரு வளையம் போட்டுப் பிடித்திருப்பார்கள், அதற்குப் புஷ் என்று பேர். ஓடுகிற தண்ணிதான் அதற்கு எண்ணெய் மாதிரி. தண்ணி சுத்தமாக இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். மணலாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி, புஷ் தேய்ந்து தண்டு ஆட்டம் கண்டுவிடும். கான்டிலீவரில் அடியில் புஷ்ஷே கிடையாது. தண்டைத் தடிமனாகச் செய்து மேலேயே பிடித்திருப்பார்கள், தண்ணிக்குள் தேய்வதற்கென்று ஒன்றும் இல்லை. ஐந்து, ஆறு அடிக்கு மேல் ஆழமென்றால் அது ஆகாது, ஆனால் இந்தக் குழிக்கு அதுதான்.

"மேலேருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?" என்று நாகலக்ஷ்மி கேட்டார்.

"ஒரே மாதிரிதான் இருக்கும் மேடம். வித்தியாசம் எல்லாம் தண்ணிக்குள்ள. ஆர்டர் குடுத்துச் செய்யணும், ஏழெட்டு வாரம் ஆவும். இந்த மழைக்கு உங்க லிஃப்ட் நிக்காது. அது என் வாக்கு."

சொசைட்டி கமிட்டியில் மற்றவர்களெல்லாம் யாராவது ஒரு பெரிய காண்ட்ராக்டருக்குக் கொடுக்கலாம் என்றார்கள். தாராவிப் பட்டறைக்காரரை நம்பி எப்படி என்றுகூட ஒருவர் கேட்டார். நாகலக்ஷ்மி ஒற்றை ஆளாக நின்று வேலையை மீரானுக்கே வாங்கிக் கொடுத்தார். வசாயில் ஒரு பட்டறையில் பம்ப்புக்குச் சொல்லியாயிற்று.

மே மாதம் மேலப்பாளையத்தில் நஜ்முன்னிசாவின் அண்ணன் மகள் கல்யாணம். மீரான் குடும்பத்தோடு போய் மூன்று வாரம் இருந்தார். அவர் ஊரில் இருக்கும்போதே பாண்டி போன் செய்து, பம்ப் வந்துவிட்டது, மாட்டியும் ஆயிற்று, நீரு நிம்மதியா இரும் என்றார். மீரானுக்குச் சந்தோஷம். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் பாண்டி பெருமையைத்தான் பேசினார். கூட்டாளி என்றால் இப்படி அமையணும் என்று மச்சானிடம் சொன்னார்.

ஜூன் முதல் வாரம் செம்பூருக்குப் போனார், பாண்டியும் கூட வந்திருந்தார். மேடை உயரம் சரி. குழிக்கு மேலே இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தது. புதுப் பச்சைப் பெயிண்டில் மோட்டார் மினுமினுத்தது. நாகலக்ஷ்மி சுவிட்சைப் போட்டார், மழைக்கு முன்னாலேயே குழியில் கொஞ்சம் தண்ணி விட்டு வைத்திருந்தார்கள். மீரான் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தார். மோட்டார் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தம் இருந்தது. அடியில் ஏதோ ஒன்றை உரசிக்கொண்டே சுற்றுகிற, மெல்லிய சத்தம். புஷ் உள்ள பம்ப்பில்தான் அது கேட்கும்.

"அடியில ஒரு மாதிரி சத்தம் வருதே" என்றார்.

"புது பம்ப்புல்லா பாய். நாலு நாள் ஓடினா செட் ஆயிரும்" என்றார் பாண்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னவே, திறந்து பாக்கணுமா?" என்று கேட்டார்.

மீரானுக்குச் சுருக்கென்றது. அந்தக் கல்யாண மண்டபமும், முகம் கொடுக்காமல் போன அந்த ஒரு வாரமும் ஞாபகம் வந்தன. ஒரு அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, அவனுடைய வேலையைத் திறந்து பார்ப்பதா? மூன்று வாரம் ஊரில் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து, தனியாளாக நின்று மாட்டினவனிடம் குற்றம் கண்டுபிடிப்பதா? தன் காதுதான் பயணக் களைப்பில் என்னமோ சொல்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தை அவரே முழுசாக நம்பவில்லை, அதுதான் உண்மை.

"சரியா இருக்கா பாய்?" என்று நாகலக்ஷ்மி கேட்டார்.

"சரியா இருக்கு மேடம்" என்றார் மீரான்.

ஜூலை மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. புதன் முழுக்கப் பம்ப் ஓடியது. சாயங்காலத்திலிருந்து அது கத்த ஆரம்பித்தது என்று வாட்ச்மேன் பின்னால் சொன்னான். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரே இழுப்பாக இழுத்து நின்றது. ஏழரைக்குள் லிஃப்ட் குழி நிரம்பி லிஃப்ட்டும் நின்றது. வியாழக்கிழமை டயாலிசிஸ் நாள். நாலாவது மாடிக்காரரும் இரண்டு வாட்ச்மேன்களுமாக நாகலக்ஷ்மியின் கணவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் கட்டி, ஆறு மாடியும் இறக்கினார்கள். இறக்கினால் ரோடெல்லாம் தண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் மனுஷருக்கு மூச்சு முட்டி, நேராக ஐ.சி.யூ.வுக்குத்தான் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்துத்தான் ஆபத்து இல்லை என்றார்கள்.

அந்த வியாழக்கிழமையே செய்தி கேட்டு, ரயில் ஓடாததால் மீரான் தாராவியிலிருந்து முழங்கால் தண்ணியில் நடந்தே வந்து சேர்ந்தார். பாண்டிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வாடகைக்கு ஒரு பம்ப் கொண்டுவந்து தண்ணியை இறைத்துத் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் பேஸ்மெண்டில் கூடினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நாகலக்ஷ்மியும் வந்தார். அன்றைக்குத்தான் பாண்டி தலையைக் காட்டினார்.

பம்ப் ஏன் நின்றது என்று கமிட்டியில் ஒருவர் ஹிந்தியில் கேட்டார். மீரான் வாயைத் திறப்பதற்குள் பாண்டி முந்திக்கொண்டு ஹிந்தியிலேயே பதில் சொன்னார். "பம்ப்பைத் தேர்ந்தெடுத்தது பாய். அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொன்னதை மாட்டினேன், அவ்வளவுதான்."

மீரான் பாண்டியையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை கெட்டுப்போனது முதல் முறை அல்ல. ஆனால் கெட்டபோதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் திட்டு வாங்கியிருக்கிறார்கள். இப்படி ஒருத்தரை முன்னால் தள்ளிவிட்டு இன்னொருத்தர் ஒதுங்கினதில்லை. மீரான் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

"பாய், நான் மாட்டினது" என்றார் பாண்டி.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு மீரான் முதல் போல்ட்டைக் கழற்றினார்.

செயின் ப்ளாக் கப்பியைப் போட்டு வாட்ச்மேன்கள் இழுக்க, பம்ப் சேறு சொட்டிக்கொண்டு மேலே வந்தது. தண்டு விரல் தடிமன்தான். அடியில் புஷ் இருந்தது, இருந்தது என்றால் அதில் பாதி இருந்தது. மற்றப் பாதியை மணல் தின்றிருந்தது. ஆட்டம் கண்ட தண்டு பக்கத்தில் இடித்து, சக்கரம் அதைச் சுற்றியிருக்கிற இரும்பு ஓட்டுக்குள் சிக்கிக்கொண்டு நின்றது. மீரான் புஷ்ஷை விரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று வசாய்ப் பட்டறைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். நம்ம கான்டிலீவர் என்ன ஆயிற்று என்று ஹிந்தியில் கேட்டார்.

"அது மே மாசமே போயிடுச்சே பாய்" என்றது அந்தப் பக்கம். "முலுண்டுல ஒரு பில்டர் சைட்டுக்கு அனுப்பச் சொல்லி உங்க பார்ட்னர்தான் அட்ரஸ் மாத்திக் கொடுத்தார். அவர் புதுசா ஆரம்பிச்சிருக்கிற கம்பெனி பேருக்குத்தான் பில்லும் போட்டோம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. புதுக் கம்பெனி ஒன்று இருப்பதே மீரானுக்குத் தெரியாது. பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெரிய பார்ட்டி பாய். ஜூனுக்குள்ள மாட்டலன்னா வேலை கைய விட்டுப் போயிரும்னான். இங்கன சின்னக் கட்டடம்லா, இந்த ஒரு மழையத் தாங்கிரும்னு நெனச்சேன். தீபாவளிக்குள்ள மாத்திரலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார் மீரான்.

"சொன்னா நீரு விட்டிருப்பீரா?"

விட்டிருக்க மாட்டார். அது தெரிந்துதான் அவர் ஊருக்குப் போகிறவரை பாண்டி காத்திருந்திருக்கிறார். நீரு நிம்மதியா இரும் என்று போனில் சொன்னது அந்த நிம்மதியைத்தான். மீரானுக்குக் கோபம் வரவில்லை. மோட்டார் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். கமிட்டிக்காரர்களுக்குக்கூட அவர் மேல் பரிதாபம் வந்துவிட்டது. பாவம், இந்த ஆளையும் ஏமாற்றியிருக்கிறான் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். இன்னொருவர் அவருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

நாகலக்ஷ்மி மட்டும் கிட்டே வந்து நின்றார். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"மீரான் பாய், ஜூன்ல வந்து நீங்க இதுமேல கை வெச்சுப் பார்த்தீங்களே. அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள், எல்லோருமே அவர் பக்கம்தான் நின்றார்கள். பாண்டிகூடத் தலையைத் தூக்கி, அப்படியே சொல்லும் என்கிற மாதிரி பார்த்தார்.

"சத்தம் கேட்டுச்சு மேடம்" என்றார் மீரான். "அடியில புஷ் இருக்கிற மாதிரி கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா ஏன் திறந்து பார்க்கலை?"

"அவன் மாட்டினதை நான் திறக்கறதில்ல. எங்களுக்குள்ள அப்படி ஒரு பழக்கம். திறந்தா அவனுக்கு அவமானமா போயிரும்னு..." அந்த இருட்டுப் பேஸ்மெண்டில், சேறும் சகதியுமாகக் கிடந்த பம்ப்புக்குப் பக்கத்தில், அந்தக் காரணம் மீரான் காதுக்கே எவ்வளவு அற்பமாகக் கேட்டது.

நாகலக்ஷ்மி தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மீரானுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவர் உங்களை ஏமாத்திட்டார். அது உங்க ரெண்டு பேருக்குள்ள" என்றார். "நான் அவரை நம்பவே இல்லையே பாய். உங்களைத்தானே நம்பினேன்."

ஆஸ்பத்திரிக்கு மாற்றுத் துணி எடுத்துப் போக வேண்டியிருந்தது. லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, அந்த அம்மாள் ஆறாவது மாடிக்குப் படியேறத் தொடங்கினார்.